எர்த்ஸீ சிறுகதைகள்: நாவல் படிக்காம நேரா இதுல இறங்கலாமா?

செக்காலை_ரோடு:

வணக்கம் மக்களே, ரொம்ப நாளா இங்க வந்து படிச்சிட்டு சத்தமில்லாம போயிடுற ஆளு நான், இன்னைக்கு ஒரு டவுட்டு. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் எழுதுன டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ, எர்த்ஸீங்கிற கற்பனைத் தீவு உலகத்துல நடக்கிற ஃபேண்டஸி சிறுகதைத் தொகுப்பு, ஆபீஸ்ல ஒருத்தன்கிட்ட வாங்கிட்டு ஊருக்கு வந்திருக்கேன். குடுக்கும்போதே சொல்லித்தான் குடுத்தான், இது அந்த சீரிஸ்ல அஞ்சாவது புக்கு, முன்னாடி நாலு நாவல் இருக்கு, அத முடிக்காம இத தொட்டேன்னா ஒண்ணும் வெளங்காதுன்னு. நாலு நாவலுக்கு இப்ப நான் எங்க போறது, கையில இருக்கிறது இதுதானே, பல்லவன் திருச்சி தாண்டுறதுக்குள்ள ஆரம்பிச்சிட்டேன்.

மொத்தம் அஞ்சு கதை. வரிசையா போகல, இருக்கிறதுலயே சின்னதா பாத்து தி போன்ஸ் ஆஃப் தி எர்த்த எடுத்தேன். மழை விடாம பெய்யுது, ஒரு வயசான மந்திரவாதிக்கு எலும்பெல்லாம் வலி, சின்னதா ஒரு மந்திரம் போட்டு இந்த மழைய மலைக்கு அங்கிட்டு தள்ளி விட்டா என்னன்னு ஆசை வருது, ஆசைப்பட்டுட்டு சும்மா இருந்துடுறாரு. இதுதான் ஓப்பனிங். டிராகன் வரும்னு உக்காந்தா மூட்டு வலி வருது! ஆனா கீழ வைக்க மனசு வரல. அப்புறம் டார்க்ரோஸ் அண்ட் டைமண்ட், ஒரு பெரிய மர வியாபாரி மகன், மந்திரம் படிக்க அனுப்புனா அவனுக்கு பாட்டு மேலதான் கண்ணு. அப்புறம் ஆன் தி ஹை மார்ஷ். இதுலதான் நான் காலி. எங்கேருந்தோ ஒருத்தன் நடந்து வர்றான், ஒரு விதவை வீட்டுல தங்குறான், மாட்டுக்கு வைத்தியம் பாக்குறான். சண்டை கெடையாது, படை கெடையாது. முடிச்சிட்டு அடுத்த கதைக்குப் போகவே தோணல, திரும்ப முதல் பக்கத்துக்குப் போயி அந்தம்மா கதவத் தொறக்கிற இடத்த மறுபடி படிச்சேன்.

இப்ப கேள்வி என்னன்னா, நாவல் படிக்காததால நான் எதையாச்சும் கோட்டை விட்டுட்டேனா, மீதி இருக்கிற ரெண்டும், தி ஃபைண்டரும் ட்ராகன்ஃப்ளையும், நல்லா நீளமான கதைங்க, எத முதல்ல எடுக்கலாம், இல்ல இப்பவே நிறுத்திட்டு நாவலுக்குப் போயிடணுமா. ஃபேண்டஸின்னாலே கத்தி கப்டா யுத்தம்னு நெனைச்சிட்டு இருந்தவன், அதனால விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க. ஸ்பாய்லர் இல்லாம சொன்னா புண்ணியமாப் போகும்.

ஆயா_வீட்டுப்_பேத்தி:

தம்பி, உங்க ஃப்ரெண்டு சொன்னதுல பாதி சரி. நாவல் வரிசை இப்படி: எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ 1968, தி டூம்ப்ஸ் ஆஃப் அடுவான் 1971, தி ஃபார்தஸ்ட் ஷோர் 1972, அப்புறம் பதினெட்டு வருஷம் கழிச்சு 1990ல தெஹானு. கதை முடிஞ்சு போச்சுன்னு லெ குவினே நெனைச்சிட்டாங்க, ஆனா முடியல, 2001ல இந்தத் தொகுப்பும் தி அதர் விண்ட் நாவலும் ஒரே வருஷத்துல வந்துச்சு. இதுல ட்ராகன்ஃப்ளைங்கிற கடைசி கதை தெஹானுவுக்கும் தி அதர் விண்டுக்கும் நடுவுல போட்ட பாலம். அத மட்டும் இப்ப தொடாதீங்க, நாலு நாவலும் முடிச்சிட்டு வாங்க, அப்பத்தான் அந்தக் கடைசிப் பக்கம் உங்கள தூக்கிப் போடும். மத்த நாலையும் தாராளமா படிக்கலாம். ஃபைண்டர் கதை நடக்கிறது முதல் நாவலுக்கு ஏறக்குறைய முந்நூறு வருஷம் முன்னாடி, ரோக் தீவுல இருக்கிற அந்த மந்திரப் பள்ளிக்கூடம் எப்படி உண்டாச்சுங்கிற கதை, அதனால அதுக்கு எந்த முன்கதையும் வேண்டியதில்ல.

ஒண்ணு மட்டும் முன்கூட்டியே தெரிஞ்சுக்கோங்க, எர்த்ஸீயில எல்லாருக்கும் ரெண்டு பேரு. ஊரு கூப்பிடுற பேரு ஒண்ணு, நிஜப் பேரு ஒண்ணு. நிஜப் பேரு வயசுக்கு வர்ற சமயத்துல ஒரு மந்திரவாதியோ சூனியக்காரியோ தண்ணிக்குள்ள நிக்க வெச்சு குடுக்கிறது, அத வெளியில சொல்ல மாட்டாங்க, தெரிஞ்சவன் கையில உன் குடுமி மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம். உயிருக்கு உயிரானவங்ககிட்ட மட்டும் சொல்லுவாங்க. அதனாலதான் கதையில யாராச்சும் யாருகிட்டயாச்சும் பேரச் சொல்லிட்டா நமக்கு நெஞ்சு திக்குங்குது. இது நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு வெளக்கவே வேண்டியதில்லன்னு நான் நெனைக்கிறேன். எங்க வீட்டுல மூத்த பேரனுக்கு ஐயா பேர வெச்சாச்சு, வெச்சதுக்கப்புறம் அந்தப் பேர யாரும் வாயால சொல்லல, அப்பத்தா புருசன் பேர சொல்ல மாட்டாக, எங்க அம்மா மாமனார் பேர சொல்ல மாட்டாக, அதனால அவன் ஸ்கூல் ரெஜிஸ்டர்ல ஒரு ஆளு, வளவுக்குள்ள ராசா. கல்யாணப் பத்திரிகையிலதான் பாதி சொந்தக்காரங்களுக்கு அவன் பேரே தெரிஞ்சுச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க யாருங்க இதுன்னு கேட்டது தனிக்கதை.

கடைசியில எர்த்ஸீயோட மக்கள், பாஷை, டிராகன், வரலாறு எல்லாத்தப் பத்தியும் ஒரு நீளமான குறிப்பு சேத்திருப்பாங்க, அத இப்ப படிக்காதீங்க, தூக்கம் வரும். முன்னுரைய மட்டும் விட்டுடாதீங்க. இல்லாத ஒரு ஊரோட பழைய ரெக்கார்டெல்லாம் தேடிப் போற ஆராய்ச்சியாளர் மாதிரி பேசுவாங்க, கதைய சொல்லிப் பாத்தாத்தான் என்ன நடந்துச்சுன்னே தெரிய வரும்ங்கிற தோரணையில. எனக்கு கோட்டையூர் ரோஜா முத்தையா ஞாபகம்தான் வந்துச்சு, வாழ்நாள் பூரா பழைய புஸ்தகம், நாடக நோட்டீஸ், பத்திரிகைன்னு சேத்து வெச்ச மனுசன், அவரு சேத்ததுதான் இன்னைக்கு சென்னையில ஆராய்ச்சி நூலகமா நிக்குது. அப்படி ஒரு வீடு எர்த்ஸீயில இருந்து, அங்க போயி இந்தம்மா ஏடு தூசி தட்டிட்டு வந்த மாதிரி எழுதியிருப்பாங்க.

சிராவயல்_காளை:

மாட்டு வைத்தியர் கதையப் பத்தி யாரும் பேச மாட்டீங்களா, நான் பேசுறேன். ஸ்பாய்லர் வேணாம்னு சொன்ன தம்பி அந்தக் கதைய முடிச்சிட்டதால கொஞ்சம் தொறந்தே பேசுறேன், படிக்காதவங்க தாண்டிப் போயிடுங்க.

எங்க குடும்பம் தலைமுறையா மாட்டுக்காரக் குடும்பம். தை மூணு சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு வருசா வருசம் மாடு போகும். எங்க ஐயா ஊருக்கே கைவைத்தியம் பாப்பாரு. கோமாரி வந்துச்சுன்னா மாடு படுற பாடு பாத்தவனுக்குத்தான் தெரியும், வாயி பூரா புண்ணு, நூலு மாதிரி எச்சி ஒழுகும், காலு குளம்புக்கு நடுவுல வெந்து போயி நிக்க முடியாது. சீரகம், வெந்தயம், மிளகு ஊற வெச்சு அரைச்சு, மஞ்சப்பொடி, பூண்டு, வெல்லம், தேங்காய்த் துருவல் சேத்து உருண்டையா புடிச்சு, மாட்டு வாயில கைய விட்டு நாக்குலயும் மேலண்ணத்துலயும் தடவணும். அந்த சமயத்துல மாடு கடிக்காது, ஆனா தலைய ஒரு ஆட்டு ஆட்டுச்சுன்னா தோள்பட்டை கழண்டுரும். ஐயா அப்ப மாட்டுகிட்ட ஏதோ பேசிக்கிட்டே இருப்பாரு, என்ன பேசுறாருன்னு யாருக்கும் கேக்காது.

அந்தக் கதையில மாட்டு வைத்தியன் இரியோத் பண்ணுறது அப்படியே அதுதான். செமெல் தீவு, குளுந்து போன சதுப்பு மேடு, அங்க மாட்டுக் கூட்டத்துக்குக் கொள்ளை நோய். அவன் ஒரு மாட்டையும் தூரத்துல நின்னு கையக் காட்டி குணப்படுத்தல, ஒவ்வொண்ணா கிட்டப் போயி தொட்டு, பேசி, நாள் கணக்கா அதுகளோடயே கெடந்து, தன் தெம்பு பூரா எறங்கிப் போற வரைக்கும் பாக்குறான். மந்திரம்னா சும்மா வராது, போடுறவன் உடம்புலேருந்துதான் போகணும். இத அவங்க எங்கயும் நின்னு வெளக்கல, அவன் திரும்பி வந்து கட்டில்ல விழுகிறதுல தெரிஞ்சிடும். இதுக்கு நடுவுல இன்னொரு வைத்தியன் வருவான் பாருங்க, சவடால் பார்ட்டி, தொழில் போட்டி, அவனப் பாத்தா நம்ம சந்தையில தாயத்து விக்கிறவன் அப்படியே.

இப்ப தம்பி கேட்ட கேள்விக்கு. நாவல் படிச்சவனுக்கு அந்தக் கதையில கூடுதலா ஒண்ணு கெடைக்கும். பின்பாதியில ஒருத்தர் தேடிக்கிட்டு வர்றாருல்ல, ஹாக்னு பேரு சொல்லிக்கிட்டு, அந்தம்மா அடுப்படியில உக்காந்து அமைதியா பேசுவாரே, அவருதான் கெட், மொத்த சீரிஸோட ஹீரோ, அந்த நேரத்துல அவரு ரோக் தீவோட தலைமை மந்திரவாதி. அந்த உலகத்துலயே பெரிய ஆளு ஒரு விதவை வீட்டு அடுப்பு முன்னாடி விருந்தாளியா உக்காந்திருக்காரு. இது தெரிஞ்சு படிச்சா ஒரு சந்தோசம், தெரியாம படிச்சா வேற சந்தோசம். தெரியாம படிச்சதுதான் மேலுன்னு நான் சொல்லுவேன், ஏன்னா அந்தம்மாவுக்கும் முதல்ல அவரு யாருன்னு தெரியாது, அவ இடத்துல நின்னு நீங்க பாத்திருக்கீங்க. நான் நாவல் பூரா முடிச்சிட்டு வந்தவன், எனக்கு அது கெடைக்கல.

குன்றக்குடி_மயில்:

எல்லாரும் ஒரே ராகத்துல பாடாதீங்கப்பா, நான் கொஞ்சம் மாத்திச் சொல்லுறேன். எனக்கு லெ குவின் புடிக்கும், ஆனா இந்தத் தொகுப்புல பாதி இடம் அவங்க தன்னோட பழைய உலகத்துக்கே பஞ்சாயத்து பண்ணுற மாதிரி இருக்கும். முதல் மூணு நாவல்ல ரோக் பள்ளிக்கூடத்துல பொம்பளைங்களுக்கு எடமே இல்ல, பொம்பள மந்திரம்னா மட்டமுன்னு அங்க பழமொழியே இருக்கும். அப்ப எழுதுனது அப்படி. அப்புறம் வயசாக வயசாக அத அவங்களே சரி பண்ண வந்தாங்க, ஃபைண்டர்ல அந்தப் பள்ளிக்கூடத்த ஆரம்பிச்சதே ஆம்பளையும் பொம்பளையும் சேந்துதான், ஆரம்பத்துல அங்க பொம்பளைங்கதான் தாங்கிப் புடிச்சாங்கன்னு வருது. போன்ஸ் ஆஃப் தி எர்த்லயும் அந்தக் கெழவரோட குரு ஒரு பொம்பள, அத அவரு கடைசிக் காலம் வரைக்கும் வெளியில சொல்லல. நோக்கம் நல்லதுதான், ஆனா ஃபைண்டர்ல பின்பாதி கதையா இல்லாம வரலாறு வகுப்பு மாதிரி நகருது. முன்பாதி வேற லெவல், அது வேற. பாதரச சுரங்கம், தாது வறுக்கிற கோபுரம், அந்த விஷத்துலயே செத்துக்கிட்டு இருக்கிற அடிமை ஜனங்க, அந்த அனியெப்ங்கிற பொண்ணு, அத படிக்கிறப்ப எனக்குத் தொண்டை காஞ்சு போச்சு. பாதரசத்த தெய்வமா கும்பிடுற அந்தப் பைத்தியக்கார மந்திரவாதி மாதிரி ஒரு வில்லன நான் ஃபேண்டஸியில பாத்ததில்ல.

அதனால தம்பிக்கு என் யோசனை, எர்த்ஸீ தொகுப்ப வெச்சுட்டு தி விண்ட்ஸ் ட்வெல்வ் குவார்ட்டர்ஸ் தேடுங்க. 1975ல வந்தது, பதினேழு கதை, ஏறக்குறைய எழுதுன வரிசையிலயே அடுக்கியிருப்பாங்க, ஒவ்வொரு கதைக்கும் முன்னாடி அவங்களே ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருப்பாங்க. அதுல ரெண்டாவதா வர்ற கதை ஏப்ரல் இன் பாரிஸ், 1962ல வந்தது, அவங்களுக்கு காசு கெடைச்ச முதல் கதை. பழைய காலத்து பாரிஸ்ல ஒரு ரசவாதி தெரியாத்தனமா மந்திரம் போட, நம்ம நூற்றாண்டு புரொபசர் ஒருத்தர் அவன் ரூமுல வந்து விழுவாரு, சிரிச்சுச் சாகணும். எர்த்ஸீ பொறந்ததே இந்த புக்குல இருக்கிற ரெண்டு சின்னக் கதையிலதான், தி வேர்ட் ஆஃப் அன்பைண்டிங், தி ரூல் ஆஃப் நேம்ஸ், ரெண்டும் 1964. நாவலெல்லாம் அதுக்கப்புறம். அதனால அஞ்சாவது புக்குலேருந்து ஆரம்பிக்கக் கூடாதுன்னு சொல்லுற உங்க ஃப்ரெண்டுகிட்ட சொல்லுங்க, எர்த்ஸீயே சிறுகதையிலேருந்து ஆரம்பிச்சதுதாண்டான்னு.

அதுலயும் ரூல் ஆஃப் நேம்ஸ் இருக்கே, தீவுல ஒரு கையாலாகாத மந்திரவாதி, குட்டையா குண்டா, ஊரே அவரக் கிண்டல் பண்ணும், பசங்களுக்குப் பேரு ரகசியத்தப் பத்தி பாடம் எடுக்கிற டீச்சர் ஒருத்தி வருவா, அவ பேரு என்ன தெரியுமா? பழனி! சத்தியமா. முதல் தடவ படிச்சப்ப நான் வாய்விட்டுச் சிரிச்சிட்டேன், பாதயாத்திரை போற கூட்டத்துக்கு எர்த்ஸீயிலயும் ஒரு பழனி. இது பத்தாதுன்னு அதே தொகுப்புல ஓமெலாஸ்ங்கிற கற்பனை ஊரப் பத்தி ஒரு கதை இருக்கு, அந்தப் பேரு எங்கேருந்து வந்துச்சுன்னா, அமெரிக்காவுல ஓரிகன் மாகாணத்துல ஒரு சேலம் இருக்கு, அந்த ஊரு போர்டக் கண்ணாடியில திருப்பிப் படிச்சதுதான்னு அவங்களே எழுதியிருக்காங்க. பழனி ஒரு பக்கம் சேலம் ஒரு பக்கம், அரசு பஸ்ஸே விடலாம்.

ரஸ்தா_ரைடர்:

நான் டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ படமா பாத்திருக்கேன், ஜப்பான் அனிமேஷன், அதுல மாட்டு வைத்தியரெல்லாம் வரலயே. புக்கும் படமும் ஒண்ணா வேறயா?

ஆயா_வீட்டுப்_பேத்தி:

வேற வேற. ஜிப்லி ஸ்டுடியோ 2006ல எடுத்தது, கோரோ மியாசாகி டைரக்சன், ஹயாவோ மியாசாகியோட மகன். பேரு மட்டுந்தான் இந்தத் தொகுப்போடது, கதை பெரும்பாலும் மூணாவது நாவல அங்கங்க பிச்சு எடுத்து சேத்தது. படம் வந்தப்ப லெ குவினே இது என் புக்கு இல்ல, உங்க படம்னு சொல்லிட்டாங்க. படத்தப் பாத்துட்டு புக்க எடை போடாதீங்க. இதுக்கு முன்னாடி 2004ல அமெரிக்காவுல ஒரு டிவி தொடர் வந்துச்சு, அது இன்னும் மோசம். புக்குல எர்த்ஸீ ஜனங்க முக்காவாசிப் பேரு கறுப்பு, மாநிறம், செம்பழுப்பு. கெட் செம்பழுப்பு நிறம், அவன் உயிர் நண்பன் வெட்ச் நல்ல கறுப்பு, வெள்ளத்தோல்காரங்க கார்காட் தீவுகள்ல இருக்கிற முரட்டுக் கூட்டம் மட்டுந்தான். 1968ல அமெரிக்காவுல இத எழுதுறது சின்ன விசயமில்ல. டிவிக்காரங்க ஹீரோவ வெள்ளக்காரனா ஆக்கிட்டாங்க, அந்தம்மா செம கோவத்துல அதக் கண்டிச்சு எழுதுனாங்க. என் பொண்ணுக்கு நான் முதல் நாவல வாசிச்சுக் காட்டுறப்ப, கெட் பாக்க நம்ம மாதிரியாம்மான்னு கேட்டா, ஆமான்னு சொல்ல முடிஞ்சுச்சு. வெளிநாட்டு ஃபேண்டஸியில எத்தன புக்குக்கு அப்படிச் சொல்ல முடியும்.

மயில் அண்ணே, ஃபைண்டர் பின்பாதி மெதுவா போகுதுங்கிறத ஒத்துக்கிறேன், ஆனா பஞ்சாயத்துன்னு சொன்னத ஒத்துக்க மாட்டேன். முப்பது வருஷம் முன்னாடி தான் கட்டுன வீட்டுல இந்த ரூமுக்கு ஏன் ஜன்னல் வைக்கலன்னு அந்தம்மாவே வந்து செவுத்த ஒடைக்கிறாங்க, அதுக்கு தைரியம் வேணும். எத்தன எழுத்தாளர் செய்வாங்க?

குன்றக்குடி_மயில்:

ஆச்சி, செவுத்த ஒடைக்கட்டும், வேணாம்னு யாரு சொன்னா. ஒடைக்கிற தூசி கதை மேல விழுகுதேன்னுதான் நான் கேக்குறேன். ட்ராகன்ஃப்ளைலயும் அதே கதைதான், ஒரு பொண்ணு ரோக் வாசல்ல வந்து நிக்கிறா, உள்ள விடலாமா வேணாமான்னு வாத்தியாருங்கெல்லாம் ரெண்டு கட்சியா நிக்கிறாங்க. ஆனா அதுல முடிவு அப்படி ஒரு முடிவு, அதனால மன்னிச்சு விட்டுட்டேன்.

செக்காலை_ரோடு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. காளை அண்ணே, அந்த அடுப்படியில உக்காந்திருந்தவரு ஹீரோன்னு நீங்க சொல்லித்தான் தெரியும், நான் யாரோ பெரிய மனுசன், பண்பா பேசுறாருன்னு மட்டும் நெனைச்சேன். இப்ப நாவல் படிக்கணும்னு வெறி வந்துடுச்சு.

ஒரு விசயம் சொல்லணும். நேத்து மத்தியானம் கரண்டு இல்ல, பட்டாலையில அப்பத்தா படுத்திருந்தாக, என்னடா அது ராவும் பகலும் புஸ்தகம், கதையச் சொல்லுன்னாக. சரின்னு டார்க்ரோஸ் அண்ட் டைமண்ட எனக்குத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன். மர வியாபாரம் பண்ணுற பெரிய வீடு, ஒரே மகன், அப்பா பேரு கோல்டன், மகன் பேரு டைமண்ட். எங்கிட்டு மரம் எடுக்கிறாகன்னு கேட்டாக, தன்னோட சொந்தக் காடுன்னேன், நல்ல மரமா, தேக்கான்னாக, வேற சாதி மரம் அப்பத்தான்னேன். எங்க பூட்டையா பர்மாவுல மௌல்மீன்ல மரக்கணக்கு எழுதுனவரு, வீட்டுல இன்னைக்கும் ரெட்டைத் தூணு அந்த ஊரு தேக்குதான், அதனால அந்த விசாரணை முடியறதுக்கே நேரமாயிடுச்சு. பையனுக்கு மந்திரம் வரும்னு தெரிஞ்சதும் அப்பா அவன ஒரு மந்திரவாதிகிட்ட சேத்து விடுறாரு, அங்க போனா கல்யாணம் கூடாது, பொண்ணு நெனப்பே கூடாது, இவனுக்கோ ஊருல ஒரு சூனியக்காரி மக மேல ஆசை, பாட்டு மேல ஆசை, ஓடி வந்துடுறான், வந்து அப்பாகிட்டயே கணக்கு வழக்கு பாக்க உக்காந்துடுறான், எல்லாம் ஒழுங்கா பண்ணுறான், ஆனா பாட்ட விட்டுட்டான், மூஞ்சியில சிரிப்பில்லன்னு சொல்லிட்டு வந்தேன். அப்பத்தா எந்திரிச்சு உக்காந்துட்டாக. அப்பனுக்கு அது தெரியலயாக்கும்னாக. தெரியல, மகன் திரும்பி வந்துட்டான்னு சந்தோசமா இருக்காருன்னேன். தெரியாது, ஏட்டுல வரவு சரியா இருந்தா அவுகளுக்கு எல்லாம் சரியா இருக்கும்னு சொல்லிட்டு வெத்தலைய மடிச்சாக. கடைசியில அவன் பாட்டோட அந்தப் பொண்ணோட போயிடுறான்னு சொன்னதுக்கு, சூனியக்காரி மகளா இருந்தா என்ன, அவளாச்சும் பாடுடான்னு சொன்னாளேன்னாக. அவ்வளவுதான் விமர்சனம். நான் இணையத்துல இந்தக் கதைக்குப் படிச்ச ரெவ்யூ எதுலயும் இந்தக் கணக்கு விசயத்த யாரும் புடிக்கல.

அப்புறம் போன்ஸ் ஆஃப் தி எர்த் முடிவப் பத்தி யாரும் சொல்லலயே? ஸ்பாய்லர்தான், தெரிஞ்சே சொல்லுறேன். நிலநடுக்கத்த நிப்பாட்டுறது அந்தக் கெழவரு, மலைக்குள்ளயே போயிடுறாரு, ஆனா துறைமுகத்து ஜனம் பூரா கொண்டாடுறது அங்க நின்ன சிஷ்யன. இவரு என்ன பண்ணாருன்னு அந்த சிஷ்யன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். இது சரியான முடிவா? எனக்கு வயிறு எரிஞ்சுச்சு.

சிராவயல்_காளை:

தம்பி, அந்த சிஷ்யன் யாருன்னு முதல் நாவல் படிச்சா தெரியும். ஓகியோன். கெட்டுக்கு குரு அவருதான். நிலநடுக்கத்த அடக்குனவருன்னு ஊரு பூரா அவருக்குப் பேரு, நாவல் எழுதுனது 1968ல, அப்ப படிச்சவங்க எல்லாரும் ஓகியோன்தான் அடக்குனாருன்னு நம்பிட்டு இருந்தாங்க. முப்பது வருஷத்துக்கு மேல கழிச்சு இந்தம்மா வந்து, இல்லப்பா, அவருக்குப் பின்னாடி ஒரு கெழவரு இருந்தாரு, அவருக்கும் பின்னாடி ஒரு பொம்பள இருந்தா, அந்த மந்திரமே அவளோடதுன்னு சொல்லுறாங்க. வயிறு எரியணும்னுதான் எழுதுனது. எங்க பக்கம் ஊரணி வெட்டுனது யாருன்னு கேட்டா கல்வெட்டுல இருக்கிற பேரச் சொல்லுவோம், மண்ணு சொமந்தவன் பேரு எவனுக்குத் தெரியும்.

ஆனா ஓகியோன் தப்பான ஆளு இல்ல. அவரு ஏன் வாழ்நாள் பூரா அம்புட்டு கம்மியா பேசுறாருன்னு இந்தக் கதை படிச்சிட்டு முதல் நாவலுக்குப் போனா வேற மாதிரி தெரியும். அந்த வகையில நீங்க தலைகீழா வந்ததே நல்லதுன்னு சொல்லுவேன். முதல் நாவல்ல ஒரு எடம் வரும், மழை பெய்யும், கெட் நனைஞ்சுக்கிட்டே பொலம்புவான், இவரு மந்திரம் போட்டு மழைய தள்ளி விட மாட்டேங்குறாரேன்னு. நீங்க அந்தப் பக்கத்துக்கு வந்ததும் எனக்கு இங்க வந்து எழுதணும், சொல்லிட்டேன்.

குன்றக்குடி_மயில்:

சண்டையில்லாத ஃபேண்டஸி வேற இருக்கான்னு தம்பி மனசுக்குள்ள நெனைக்கிற மாதிரி தெரியுது, அதனால ஒண்ணு. வெளிநாடு போக வேண்டியதில்ல, புதுமைப்பித்தனோட கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும் எடுங்க. கடவுள் மெட்ராஸ்ல பிராட்வே முக்குல வந்து நின்னு வழி கேப்பாரு, பிள்ளைவாள் அவர ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போயி காப்பி வாங்கிக் குடுத்துட்டு, தன்னோட வைத்தியப் பத்திரிகைக்கு சந்தா புடிக்கப் பாப்பாரு. லெ குவின் அந்தக் கெழவரு மூட்டு வலியில என்ன பண்ணாங்களோ அத நம்மாளு காப்பி டம்ளர்ல பண்ணியிருப்பாரு. பெரிய சக்தி, சின்ன எடம். அவ்வளவுதான் சூத்திரம், ஆனா எழுத வந்தா நூத்துல ஒருத்தனுக்குத்தான் வரும்.

காளை சொன்னத வழிமொழியுறேன், ஆனா ஃபைண்டர முடிச்சிட்டு நாவலுக்குப் போங்க, பாதியில விட்டா அப்புறம் எடுக்க மாட்டீங்க. மெதுவா போற பின்பாதியையும் சேத்துத்தான்.

செக்காலை_ரோடு:

அப்ப முடிவு பண்ணிட்டேன். இந்த வாரம் ஃபைண்டர், அப்புறம் எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீலேருந்து வரிசையா, ட்ராகன்ஃப்ளைய தெஹானு முடிச்சதும். புக்கு குடுத்தவன் திருப்பிக் கேக்குறதுக்குள்ள ஃபைண்டர முடிக்கணும், அது நூறு பக்கத்துக்கு மேல இருக்கு, திங்கக்கிழமை சந்தைக்கு அப்பத்தாவ கூட்டிட்டுப் போற வேலை வேற. காரைக்குடி பக்கம் யாருகிட்டயாச்சும் முதல் நாலு நாவல் இரவலுக்கு இருந்தா தனி மெசேஜ் போடுங்க, அட்டை போட்டு, ஓரம் மடிக்காம திருப்பித் தருவேன்.

ஆயா_வீட்டுப்_பேத்தி:

என்கிட்ட முதல் மூணும் ஒரே வால்யூமா இருக்கு தம்பி, மெசேஜ் பண்ணுறேன். பென்சில்ல கோடு போட்டிருப்பேன், அழிக்கக் கூடாது.